வாய் தவறியதைக் குறித்து வைப்பது எப்படி

"தக்காளி சட்னி" என்று சொல்ல வந்தவர் "சக்காளி சட்னி" என்று சொல்லிவிட்டால் பக்கத்தில் இருப்பவர்கள் சிரிப்பார்கள், அவரும் சிரிப்பார், அத்தோடு எல்லாரும் மறுபடி இட்லியில் இறங்கிவிடுவார்கள். அந்த இடத்தில் ஒரு சின்ன நோட்டை எடுக்கிற பழக்கம் மட்டும் வந்துவிட்டால், மனசுக்குள் ஒரு வாக்கியம் எப்படித் தயாராகி வெளியே வருகிறது என்பதை வீட்டில் உட்கார்ந்தபடியே பார்க்கலாம். ஆய்வுக்கூடம் வேண்டாம், கருவி வேண்டாம், மொழியியல் படித்திருக்கவும் வேண்டாம்.

சரியாகப் பேசுகிற பேச்சிலிருந்து ஒன்றும் பிடிபடாது. நிமிடத்துக்குச் சுமார் 150 சொல் என்கிற வேகத்தில் எல்லாம் ஒட்டியே வந்து விழும். பிசகுகிறபோதுதான் எது எதோடு ஒட்டியிருந்தது, எது கழற்றி மாட்டுகிற மாதிரி தனியாக இருந்தது என்று தெரியும். வியன்னாவில் ருடால்ஃப் மெரிங்கர் என்ற மொழியறிஞர் கார்ல் மேயர் என்ற மருத்துவரோடு சேர்ந்து 1895-லேயே இப்படிப்பட்ட பிசகுகளைத் திரட்டிப் புத்தகமாகப் போட்டார். 1971-ல் கலிபோர்னியாவில் விக்டோரியா ஃப்ராம்கின் தன் திரட்டை வைத்துக்கொண்டு, பிசகு என்பது கன்னாபின்னாவென்று நடப்பதில்லை, மொழியின் விதிக்குள்ளேயே நின்றுதான் நடக்கிறது என்று காட்டினார். நீங்கள் நோட்டில் தேடப்போவதும் அந்த விதியைத்தான், வேடிக்கையை அல்ல.

எது பிசகு, எது இல்லை

இதை முதலில் தீர்த்துக்கொள்ளாவிட்டால் நோட்டு முழுக்கக் குப்பை சேரும். ஒருத்தர் சொன்னதைத் திருப்பிச் சொல்லிக் காட்டினால் "அட, அப்படியா சொன்னேன்?" என்று அவரே திருத்த வேண்டும். அப்படித் திருத்தினால்தான் அது பிசகு. "ஒறம்பரை வந்திருக்காங்" (உறவுக்காரர்கள் வந்திருக்கிறார்கள்), "பொழுதோட வர்றேனுங்", "அக்கட்டால போயி நில்லு" என்பதெல்லாம் கொங்குப் பேச்சு. சொன்னவரிடம் எத்தனை தடவை கேட்டாலும் அதையேதான் சொல்வார், சொல்லவும் வேண்டும். வெளியூரிலிருந்து வந்த வாத்தியார் இதையெல்லாம் தப்பு என்று சிவப்பு மையில் சுழித்தால் அது அவருக்குத் தெரியாத இலக்கணம், அவ்வளவுதான். அதே மாதிரி எப்போதும் வாழையை 'வாளை' என்று சொல்கிறவர் அப்படிச் சொன்னால் எழுதாதீர்கள். எப்போதும் ழகரத்தைச் சரியாகச் சொல்கிறவருக்கு ஒரே ஒரு தடவை அது வழுக்கினால், அதை எழுதுங்கள்.

குழந்தைகள் சொல்வதைத் தனிப் பக்கத்தில் வையுங்கள். இரண்டு மூன்று வயதுப் பிள்ளை புதிதாக ஒரு வினை வடிவத்தை உண்டாக்கிச் சொன்னால் அது வாய் தவறியதாக இருக்காது, அந்தப் பிள்ளை அதுவரை கண்டுபிடித்து வைத்திருக்கிற விதியாக இருக்கும். திக்கிப் பேசுகிறவர்களைக் குறிக்க வேண்டாம், அது வேறு விஷயம், அவர்களுக்கு அது சங்கடமும்கூட. இன்னொன்று, இது முக்கியம்: வீட்டில் பெரியவர் ஒருவருக்குத் திடீரென்று பேச்சு குழறுகிறது, அர்த்தமில்லாத சொல்லாக வருகிறது, கூடவே வாய் ஒரு பக்கம் கோணுகிறது அல்லது கை தொங்குகிறது என்றால் நோட்டைத் தூக்கிப் போட்டுவிட்டு 108-க்குப் போன் செய்யுங்கள். பக்கவாதத்தில் ஒவ்வொரு நிமிடமும் கணக்கு.

எங்கே காது வைப்பது

யோசித்து யோசித்துப் பேசுகிற இடத்தில் சரக்கு கிடைக்காது. அவசரம், அசதி, கையில் வேறு வேலை, இந்த மூன்றும் சேர்கிற இடம் தேவை. நோம்பிக்கு, அதாவது பண்டிகைக்கு, ஒறம்பரை கூடியிருக்கிற வீட்டுச் சமையல்கட்டு அருமையான இடம், ஒரே நேரத்தில் நாலு பேர் பேசிக்கொண்டே அடுப்பையும் பார்ப்பார்கள். திருப்பூரில் பனியன் கம்பெனியில் ஷிப்ட் முடிகிற நேரம், காந்திபுரம் பஸ் ஸ்டாண்டில் ஊர்ப்பெயரை அடுக்குகிற கண்டக்டர், கல்யாண வீட்டில் பந்திக்கு ஆள் விடுகிறவர் என்று இடத்துக்குப் பஞ்சமில்லை. ஆனால் கண்டக்டர் அடுக்குவது நாளெல்லாம் சொல்லிச் சொல்லித் தேய்ந்த வரிசை, அதில் வருகிற பிசகும் சாதாரணப் பேச்சில் வருகிற பிசகும் ஒன்றல்ல, பார்த்து வாசிக்கிற செய்தியும் அப்படியே. ஓரத்தில் ஒரு குறி போட்டு வையுங்கள்.

பொறுமை வேண்டும். லண்டனில் பதிவு செய்த இயல்பான உரையாடல்களைச் சலித்துப் பார்த்து 1981-ல் ஒரு கணக்கு வந்தது: கிட்டத்தட்ட 1,70,000 சொற்களில் 191 பிசகு. ஆயிரம் சொல்லுக்கு ஒன்று என்று வைத்துக்கொள்ளலாம். ஆகவே ஒரு டீ குடிக்கிற நேரத்தில் பக்கம் நிறையும் என்று எதிர்பார்க்காதீர்கள். அப்புறம், யாருக்கும் தெரியாமல் போனில் பதிவு செய்கிற வேலை வேண்டாம். காதில் விழுந்ததை எழுதினால் போதும்.

எழுதுகிற விதம்

கேட்ட உடனே எழுதுங்கள். உடனே என்றால் நிஜமாகவே உடனே. ஜாக்குலின் சாக்ஸ் 1967-ல் செய்த சோதனையில், கேட்ட வாக்கியத்துக்குப் பிறகு இன்னும் கொஞ்சம் பேச்சு கேட்டுவிட்டாலே அதன் பொருள் மட்டும் மனசில் நின்றது, எந்தச் சொல் எந்த வரிசையில் வந்தது என்பது கரைந்துபோயிருந்தது. பிசகில் நமக்கு வேண்டியதோ அந்த வரிசைதான். ராத்திரி படுக்கும்போது எழுதிக்கொள்ளலாம் என்று விட்டால், உங்கள் மனசு அதை அழகாகத் திருத்தி வைத்துவிட்டு இதுதான் கேட்டது என்று சாதிக்கும்.

பேச்சுத்தமிழில் எழுதுங்கள். "சர்க்கரை" என்று எழுத்துக்கு மாற்றாதீர்கள், "சக்கரை" என்று கேட்டால் "சக்கரை"தான். முதல் வரியில் சொன்னது, இரண்டாவது வரியில் சொல்ல வந்தது. சொல்ல வந்தது என்ன என்று நீங்களே ஊகிக்காமல், "ஏனுங்க, இப்ப என்ன சொல்ல வந்தீங்க?" என்று பதமாகக் கேட்டுவிடுங்கள். சின்னப் பிள்ளையென்றால் "என்ன கண்ணு சொல்ல வந்தே?" போதும். பெயர் வேண்டாம், சுமாரான வயதும் வீட்டில் பேசுகிற மொழியும் இருக்கட்டும். இந்தக் கடைசி விவரம் கொங்குப் பக்கம் ரொம்ப அவசியம், ஏனென்றால் வெளியே தமிழும் வீட்டுக்குள் தெலுங்கோ கன்னடமோ பேசுகிற குடும்பங்கள் இங்கே நிறைய. அவர்களுடைய பிசகில் இன்னொரு மொழியும் எட்டிப்பார்க்கும்.

திருத்திக்கொண்ட விதத்தையும் எழுதுங்கள், பலர் இதை விட்டுவிடுகிறார்கள். "வல... இல்ல இல்ல, இடது பக்கம் திரும்புங்" என்று ஒருவர் சொன்னால், எந்த எழுத்தில் நிறுத்தினார், நடுவில் 'இல்ல' வந்ததா 'அட' வந்ததா 'ச்சீ' வந்ததா, மறுபடி எங்கிருந்து ஆரம்பித்தார் என்று மூன்றும் வேண்டும். வில்லெம் லெவெல்ட் 1983-ல் இந்தத் திருத்தங்களை மட்டுமே எடுத்து ஆராய்ந்தார். 'வ' என்ற ஒற்றை எழுத்தோடு நாக்கு நின்றுவிட்டால், தன் குரல் காதில் விழுந்து, அது தப்பு என்று புரிந்து, அப்புறம் நிறுத்தியிருக்க நேரமே இல்லை. சொல் வாய்க்கு வருவதற்கு முன்பே உள்ளே ஒரு காவல் அதைப் பார்த்திருக்கிறது என்று அர்த்தம். முழுச் சொல்லும் சொல்லி முடித்த பிறகு திருத்தினால் காவலில் விட்டுப்போனதைக் காது பிடித்திருக்கலாம். உங்கள் நோட்டில் இரண்டு வகையும் கிடைக்கும்.

பிரிப்பது

கொஞ்சம் சேர்ந்த பிறகு பிரிக்க ஆரம்பிக்கலாம். சுலபமானது ஒலிப் பிசகு. "சக்காளி சட்னி" என்றால் பின்னால் வரவேண்டிய ச முன்னாடியே வந்துவிட்டது. "தக்காளி தட்னி" என்றால் முன்னால் வந்த த போகாமல் தங்கிவிட்டது. "சக்காளி தட்னி" என்றால் இரண்டும் இடம் மாறிவிட்டன. முதல் வகை ஒன்று கிடைத்தாலே போதும், ஒரு விஷயம் உறுதி: "தக்காளி" என்று தொடங்கும்போதே "சட்னி" உள்ளே தயாராகக் காத்திருக்கிறது. இன்னும் கவனித்தால், சொல்லின் தலையெழுத்து இன்னொரு சொல்லின் தலையெழுத்தோடுதான் மாறும், நடுவெழுத்தோடு மாறுவது அபூர்வம். வருகிற சொல் அகராதியில் இல்லாவிட்டாலும் தமிழ்ச் சொல் மாதிரியே இருக்கும். ழகரத்தையோ ணகரத்தையோ சொல்லின் தலையில் கொண்டுபோய் வைத்த பிசகு ஒன்று உங்களுக்குக் கிடைத்தால், எழுதுவதற்கு முன் சரியாகத்தான் கேட்டோமா என்று யோசியுங்கள்.

எனக்கு ரொம்பப் பிடித்தது சொல் இடம் மாறுவது. காட்டு வேலைக்குப் போகும்போது கைக்குழந்தைக்கு வேப்பமரத்தில் தூளி கட்டுவார்கள். "மரத்துல தூளியைக் கட்டு" என்று சொல்ல வந்தவர் "தூளியில மரத்தைக் கட்டு" என்று சொல்லிவிடுகிறார் என்று வையுங்கள். எல்லாரும் மரத்தைத் தூளியில் ஆட்டுகிற மாதிரி நினைத்துச் சிரித்துவிட்டுப் போவார்கள். நீங்கள் போகாதீர்கள், இதில் பார்க்க நிறைய இருக்கிறது. மாறியது மரமும் தூளியும் மட்டும். 'இல்' என்கிற வேற்றுமை முன்னால் வரவேண்டிய இடத்திலும், 'ஐ' பின்னால் வரவேண்டிய இடத்திலும் அசையாமல் நிற்கின்றன. ஆக, வாக்கியத்தின் சட்டகம் ஒரு பக்கம் தயாராகிறது, அதில் பொருத்தவேண்டிய சொற்கள் இன்னொரு பக்கத்திலிருந்து வருகின்றன.

அதோடு முடியவில்லை. மரம் என்பது 'மரத்து' என்று மாறித்தான் வேற்றுமையை ஏற்கும், தூளிக்கு அந்த 'த்து' கிடையாது, நடுவில் ஒரு யகரம் வந்தால் போதும். தயாராக ஒட்டிவைத்த சொல்லை அப்படியே பிய்த்து மாற்றியிருந்தால் "தூளித்துல மரமைக் கட்டு" என்றல்லவா வந்திருக்க வேண்டும்? அப்படி யாரும் உளறுவதில்லை. தப்பான இடத்துக்குப் போன மரம்கூட 'மரத்தை' என்று ஒழுங்காக உருமாறியே வெளியே வருகிறது. அதாவது சொல் இடம் மாறிய பிறகுதான் ஒலி வடிவம் கட்டப்பட்டிருக்கிறது. மெரில் காரெட் 1975-ல் ஆங்கிலப் பிசகுகளை வைத்து இதே மாதிரி இரண்டு கட்டங்களைப் பிரித்தார். அவர் கண்டதில் இன்னொன்றும் உண்டு: இடம் மாறுகிற சொற்கள் பெரும்பாலும் ஒரே இனமாக இருக்கும், பெயர்ச்சொல்லோடு பெயர்ச்சொல். ஒலிகளுக்கு அந்தக் கவலை இல்லை, அவை பக்கத்துப் பக்கத்தில் இருந்தாலே போதும். நம் தமிழில் விகுதிகள் இவ்வளவு இருக்கும்போது இந்த வகைப் பிசகைப் பார்க்க நம்மைவிட வசதியானவர்கள் குறைவு என்பது என் கட்சி.

அடுத்தது கலவை. வீட்டில் சோறு, ஆபீஸில் சாதம் என்று பழகிய ஒருவர் "சோதம் வெச்சாச்சா?" என்று கேட்டுவிடுவார். ஒரே பொருளுக்கு இரண்டு சொற்களும் ஒரே நேரத்தில் கிளம்பி, இரண்டும் பாதிப்பாதி வந்து சேர்ந்திருக்கின்றன.

ஒரு சொல்லுக்குப் பதில் இன்னொன்று வருவது தனி வகை. இதில் ஒரு கேள்வி கேளுங்கள்: வந்த சொல் பொருளால் நெருங்கியதா, ஒலியால் நெருங்கியதா? 'நேத்து' என்பதற்குப் பதில் 'நாளைக்கு', 'மேலே' என்பதற்குப் பதில் 'கீழே' வந்தால் அது பொருளால் நெருங்கியது. கோயமுத்தூரில் சாய்பாபா காலனி என்று சொல்ல வந்து சிவானந்தா காலனி என்று சொல்வதில் இரண்டும் இருக்கிறது, இரண்டும் காலனி, இரண்டும் சகரத்தில் ஆரம்பம். அமுச்சி ஒரு பேரனைக் கூப்பிட மாமன் பெயர், அண்ணன் பெயர், கடைசியில் வீட்டு நாயின் பெயர் வரைக்கும் போய் வருவதும் இந்த ரகம்தான். அது வயசாகிவிட்டதன் அடையாளம் என்று பயப்பட வேண்டியதில்லை. ட்யூக் பல்கலைக்கழகத்தில் 2016-ல் வெளியிட்ட ஆய்வில், ஆட்களின் பெயரை மாற்றிக் கூப்பிடுவது பெரும்பாலும் ஒரே உறவு வட்டத்துக்குள் நடக்கிறது, நாயின் பெயரும் குடும்ப வட்டத்துக்குள்ளேயே சேர்ந்து வருகிறது என்று தெரிந்தது. பூனைக்கு அந்தக் கொடுப்பினை இல்லை.

எது எப்படியோ, உளப்பகுப்பாய்வைத் தொடங்கிவைத்த ஃப்ராய்டின் வேலையை மட்டும் பார்க்காதீர்கள். அவர் 1901-ல் வாய் தவறுவதெல்லாம் அடக்கி வைத்த ஆசையின் வெளிப்பாடு என்ற பக்கமாக எழுதினார், மெரிங்கரின் திரட்டிலிருந்தும் எடுத்துக்கொண்டார், மெரிங்கர் அதை ஒத்துக்கொள்ளவே இல்லை. அபூர்வமாக ஏதாவது ஒன்றில் அப்படியும் இருக்கலாம், ஆனால் சக்காளிச் சட்னியில் என்ன அடக்கி வைத்த ஆசை? மாப்பிள்ளை ஒரு பெண் பெயரை மாற்றிச் சொன்னதற்கு நீங்கள் விளக்கம் கொடுக்கப் போனால் நோட்டும் போகும், உறவும் போகும். குடும்ப வாட்ஸ்அப் குழுவிலும் போடாதீர்கள்.

நாக்கு நுனியும் காதும்

பிசகு கிடைக்காத நாளில் இன்னொன்றைச் செய்யலாம். ஒருவர் "அட, அந்த ஊரு, பேரு நாக்கு நுனியில இருக்குது" என்று தவிக்கும்போது பெயரை எடுத்துக் கொடுத்துவிடாதீர்கள். முதல் எழுத்து என்ன, பெயர் நீளமா குட்டையா, வேறு எந்தப் பெயர் வந்து வந்து தொல்லை பண்ணுகிறது என்று கேளுங்கள். ரோஜர் பிரவுனும் டேவிட் மெக்நீலும் 1966-ல் அரிய சொற்களின் விளக்கத்தை வாசித்துக் காட்டி இப்படித்தான் கேட்டார்கள். சொல் வராதவர்களுக்கும் முதல் எழுத்தும் அசைகளின் எண்ணிக்கையும் பல தடவை சரியாக வந்தன. பெருந்துறைக்காகத் தவிக்கிறவருக்குப் பெருமாநல்லூர் வந்து நிற்பதன் காரணம் அதுதான்: பொருள் கிடைத்துவிட்டது, ஒலியில் பாதிதான் கிடைத்திருக்கிறது.

தப்பாகக் கேட்டதற்கும் ஒரு பக்கம் ஒதுக்குங்கள். சோமனூர், பல்லடம் பக்கம் விசைத்தறிக் கொட்டகைக்குள் பேச்சு கேட்பவர்களுக்கு இது பழகிய விஷயம், தறிச் சத்தம் பாதி எழுத்தைத் தின்றாலும் மீதியை மனசு நிரப்பிக்கொள்ளும், வாய் அசைவும் உதவும். ரிச்சர்ட் வாரன் 1970-ல் ஒரு ஒலியை வெட்டிவிட்டு அந்த இடத்தில் இருமல் சத்தத்தை வைத்தபோது, கேட்டவர்களுக்கு அந்த ஒலி அங்கே இருப்பதாகவே கேட்டது.

இதில் நமக்கும் ஒரு ஆபத்து. பிறர் பிசகுகளையும் நம் காது தானாகவே திருத்திவிடும், நமக்குத் தெரியாமலே. ஆன் கட்லர் 1982-ல் இதைத்தான் சுட்டிக்காட்டினார்: காதால் சேர்த்த திரட்டில் எளிதில் கேட்கிற வகை எச்சாக இருக்கும், நுணுக்கமானது தப்பிப் போயிருக்கும். ஆகவே உங்கள் நோட்டை வைத்து "தமிழர்கள் இந்த வகையில்தான் அதிகம் தவறுகிறார்கள்" என்று எண்ணிக்கை சொல்லாதீர்கள். ஒரு வகை நடக்கிறது என்று சொல்லலாம், எவ்வளவு நடக்கிறது என்று சொல்ல முடியாது.

பிசகை வரவழைக்க ஒரு விளையாட்டு

காத்திருக்கப் பொறுமை இல்லாதவர்களுக்கும், லீவுக்கு வந்த பிள்ளைகள் வீட்டை இரண்டாக்குகிற நாளுக்கும் இது உதவும். 1975-ல் பார்ஸ், மாட்லி, மக்கே மூவரும் செய்த சோதனையைத் தமிழுக்கு மாற்றியது. சீட்டுகளில் சொல் ஜோடிகளை எழுதுங்கள். முதலில் "பட்டு – கல்", "பணம் – கடை", "படி – கதவு" என்று மூன்று சீட்டு, எல்லாமே ப முன்னால், க பின்னால். நாலாவது சீட்டில் திருப்பி வையுங்கள்: "கால் – பாய்". நொடிக்கு ஒன்று வீதம் காட்டுங்கள், பார்ப்பவர் மனசுக்குள் வாசித்தால் போதும், நீங்கள் கைதட்டினால் மட்டும் கடைசியாகப் பார்த்த சீட்டைச் சட்டென்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். ப–க என்று பழகிய நாக்கு "பால் – காய்" என்று வழுக்கும்.

இன்னொரு அடுக்கில் அதே மூன்று சீட்டுக்குப் பிறகு "கூடை – பேரன்" வையுங்கள். வழுக்கினால் "பூடை – கேரன்", அப்படிச் சொல்லே கிடையாது. மூல ஆய்வில், வழுக்கி விழுகிற இடத்தில் நிஜமான சொல் கிடைக்கும்போது பிசகு கூடுதலாக வந்தது, வெற்றொலி வருகிற இடத்தில் குறைவாக வந்தது. உள்ளே இருக்கிற காவல் இல்லாத சொல்லைச் சுலபமாகப் பிடித்து நிறுத்துகிறது என்பது ஒரு விளக்கம், ஒலியிலிருந்து சொல்லுக்கே தூண்டுதல் திரும்பிப் போகிறது என்பது இன்னொன்று, ஆய்வாளர்கள் இரண்டு பக்கமும் நின்று பேசுகிறார்கள்.

கைதட்டாமல் போகிற சீட்டுகளை நிறையக் கலந்து வையுங்கள், இல்லாவிட்டால் எப்போது தட்டுவீர்கள் என்று பிள்ளைகள் மூன்றாவது சுற்றிலேயே கண்டுபிடித்துவிடும். இரண்டு வகை ஜோடியையும் சம அளவில் எழுதிக்கொள்ளுங்கள். ஒரே ஆளிடம் அதே சீட்டைத் திரும்பக் காட்டினால் பலன் இல்லை, அடுத்த ஆளைக் கூப்பிடுங்கள்.